முளைவிட்ட கிழங்கு யாருக்குச் சொந்தம்?

உங்கள் வீட்டு அடுப்படியில், காய்கறிக் கூடைக்கு அடியில், மறந்துபோன உருளைக்கிழங்கு ஒன்று கிடக்கும். பத்துப் பதினைந்து நாள் போனால் அதன் கண்ணிலிருந்து முளை எட்டிப் பார்க்கும். அது யாரையும் கேட்காது. 'முளைக்கட்டுமா சார்?' என்று எந்தக் கம்பெனிக்கும் மனுப் போடாது. எடுத்துத் தொட்டி மண்ணில் புதைத்தால் செடி வரும். செடிக்கு அடியில் நாலு கிழங்கு வரும்.

இதைச் செய்ததற்காக ஒரு கோடியே ஐந்து லட்சம் ரூபாய் நஷ்டஈடு கேட்டு உங்கள் மேல் வழக்குப் போட்டால் எப்படி இருக்கும்?

சிரிக்காதீர்கள். குஜராத்தில் நடந்தது.

2019 ஏப்ரல். குளிர்பானமும் லேஸ் சிப்ஸும் விற்கிற அதே பெப்சிகோ, அகமதாபாத்தில் உள்ள வணிக நீதிமன்றத்துக்குப் போனது. சபர்காந்தா மாவட்டத்தைச் சேர்ந்த நாலு விவசாயிகள் மேல் வழக்கு. எஃப்.சி.5 என்கிற உருளைக்கிழங்கு ரகம் எங்களுக்குச் சொந்தம், எங்களைக் கேட்காமல் பயிரிட்டு விற்கிறார்கள், ஆளுக்கு 1.05 கோடி ரூபாய் தர வேண்டும் என்றது. அவர்கள் எல்லாம் மூணு ஏக்கர், நாலு ஏக்கர்காரர்கள். அந்த வருஷம் உலகம் முழுக்க பெப்சிகோவின் விற்பனை சுமார் 6,700 கோடி டாலர். மலையும் மடுவும்கூட இதைவிடக் கொஞ்சம் பக்கத்தில் இருக்கும்.

விவசாயிகள் தரப்பைக் கேட்பதற்கு முன்பே, அந்த ரகத்தைப் பயிரிடவோ விற்கவோ கூடாது என்று இடைக்காலத் தடை வந்துவிட்டது. முந்தின வருஷமே பக்கத்து ஆரவல்லி மாவட்டத்திலும் இதே மாதிரி வழக்குகள் போடப்பட்டிருந்தன. கிழங்கு வாங்க வந்த வியாபாரிகள் போல ஆட்களை அனுப்பி, ரகசியமாக வீடியோ எடுத்து ஆதாரம் சேர்த்தார்கள் என்று விவசாய அமைப்புகள் குற்றம்சாட்டின. போதை மருந்துக் கடத்தலுக்குச் செய்கிற வேலை. இங்கே சரக்கு, உருளைக்கிழங்கு!

கம்பெனி பக்கத்து நியாயத்தையும் கேட்டுவிடுவோம். அதுதான் முறை.

ஒரு புது ரகத்தை உருவாக்கப் பல வருஷம் பிடிக்கிறது, பணம் செலவாகிறது. சாதாரண உருளையில் தண்ணீர் அதிகம். எஃப்.சி.5-ல் அது குறைவு; சிப்ஸுக்கு ஏற்றது. விதைக்கிழங்கைக் கம்பெனியே கொடுக்கும், ஒப்பந்தம் போட்ட விவசாயிகள் விளைவித்துத் தருவார்கள், முன்பே பேசிய விலைக்கு வாங்கிக்கொள்ளும். ஒப்பந்தத்துக்கு வெளியே ஆளாளுக்குப் பயிரிட்டால் போட்ட முதல் என்னாவது? தங்களோடு சேர்ந்து பயிரிடும் ஆயிரக்கணக்கான விவசாயிகளைக் காப்பாற்றத்தான் வழக்கு என்றது கம்பெனி.

உழைத்தவனுக்குப் பலன் வேண்டாமா? வேண்டும். எனக்கு அதில் ஆட்சேபம் இல்லை. ஆனால் கணக்கை முதல் பக்கத்திலிருந்து எழுதுங்கள். உருளைக்கிழங்கு, தென்னமெரிக்காவின் ஆண்டீஸ் மலைக்காரர்கள் ஏழாயிரம் வருஷத்துக்கு மேல் பொறுக்கி, கழித்து, மறுபடி நட்டு வளர்த்தெடுத்த பயிர். காட்டுக் கிழங்கின் கசப்பையும் விஷத்தையும் போக்கிச் சாப்பிடுகிற பொருளாக்கியது அவர்கள்தான். ஆயிரக்கணக்கான ரகங்களை உண்டாக்கியதும் அவர்கள்தான். யாரும் பதிவு செய்யவில்லை. யாரும் வழக்குப் போடவில்லை. ஆயிரம் படி கட்டியவர்களுக்குப் பெயரே இல்லை. ஆயிரத்தோராவது படியை வைத்தவர், மொத்த மாடிப்படிக்கும் பட்டா கேட்கிறார்.

சரி, சட்டம் என்ன சொல்கிறது?

இந்தியாவில் 'பயிர் ரகங்கள் மற்றும் விவசாயிகள் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், 2001' என்று ஒன்று இருக்கிறது. பெப்சிகோ தன் ரகத்தைப் பதிவு செய்ததே இந்தச் சட்டத்தின் கீழ்தான், 2016-ல். புது ரகத்தை உருவாக்கியவருக்கு அதை உற்பத்தி செய்யவும் விற்கவும் உரிமை தருகிறது இந்தச் சட்டம். அதே சட்டத்தில் 39-வது பிரிவு ஒன்று உண்டு. பதிவு செய்யப்பட்ட ரகமாகவே இருந்தாலும், அதன் விளைச்சலை, விதை உள்பட, விவசாயி சேமிக்கலாம், விதைக்கலாம், மறுபடி விதைக்கலாம், பரிமாறிக்கொள்ளலாம், பகிரலாம், விற்கலாம். ஒரே ஒரு நிபந்தனை: பொட்டலம் கட்டி, பிராண்ட் பெயர் ஒட்டி விதையாக விற்கக் கூடாது.

இவ்வளவு தெளிவாக எழுதி வைத்த பிறகும் ஒரு கோடி ரூபாய்க்கு வழக்கு என்றால், அதன் நோக்கம் என்ன? ஜெயிப்பதா, பயமுறுத்துவதா? நாலு பேர் மேல் வழக்குப் போட்டால் நாற்பதாயிரம் பேர் கை நடுங்கும். என் சந்தேகம் அதுதான்.

இந்த 39-வது பிரிவு வானத்திலிருந்து குதித்ததில்லை. 1995-ல் உலக வர்த்தக அமைப்பு வந்தபோது ஒரு நிபந்தனையும் கூடவே வந்தது. பயிர் ரகங்களுக்குக் காப்புரிமை கொடு, இல்லாவிட்டால் அதற்கென்று தனிச் சட்டம் போடு என்றார்கள். பணக்கார நாடுகள் தங்களுக்குள் ஏற்கெனவே ஒரு மாதிரிச் சட்டம் வைத்திருந்தன. 1991-ல் அதைத் திருத்தி, விவசாயி விதையைச் சேமிக்கும் சுதந்திரத்தை இன்னும் சுருக்கியிருந்தார்கள். அதை அப்படியே ஜெராக்ஸ் எடுத்துக்கொள் என்ற நெருக்கடி இந்தியாவுக்கும் இருந்தது.

ஜெராக்ஸ் எடுக்கவிடாமல் தடுத்தது, டெல்லியின் ஏ.சி. அறைகளில் இருந்தவர்களின் தாராள மனசு மட்டுமல்ல. 1992 டிசம்பரில், பேராசிரியர் நஞ்சுண்டசாமி தலைமையிலான கர்நாடக விவசாயிகள் சங்கத்தினர், பெங்களூரில் இருந்த கார்கில் என்கிற அமெரிக்க தானிய, விதைக் கம்பெனியின் அலுவலகத்துக்குள் புகுந்து கோப்புகளை வெளியே போட்டு எரித்தார்கள். அடுத்த வருஷம் பெல்லாரியில் அதே கம்பெனி கட்டிக்கொண்டிருந்த விதை ஆலையில் கை வைத்தார்கள். அது சரியா என்று நீங்கள் கேட்கலாம். கேளுங்கள், தப்பில்லை. ஆனால் விதை என்பது அரசியல் என்று நாட்டுக்கு உறைத்தது அப்போதுதான். 1999-ல் நாடாளுமன்றத்துக்கு வந்த மசோதாவில் விவசாயிகள் உரிமைக்கு இருந்த இடம் ரொம்பக் கொஞ்சம். கூட்டுக்குழுவுக்குப் போய் பல தரப்பின் குரலையும் கேட்டுத் திரும்பி வந்தபோது, அதற்கென்று தனி அத்தியாயமே சேர்ந்திருந்தது. நம் நாட்டுக் கூட்டுக்குழுக்கள் உருப்படியாக ஒன்றும் செய்ததில்லை என்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

அந்த அத்தியாயம் இல்லாத நாடுகளில் என்ன நடக்கிறது?

கனடாவில் பெர்சி ஷ்மைசர் என்று ஒரு விவசாயி. 1997-ல் அவருடைய நிலத்தில், களைக்கொல்லி அடித்தும் சாகாத கனோலாச் செடிகள் நின்றன. கனோலா என்பது அங்கத்திய எண்ணெய்வித்து. அந்தக் குணம் மான்சான்டோ கம்பெனி காப்புரிமை வாங்கிய மரபணுவால் வந்தது. அது தானாக வந்து விழுந்தது என்றார் ஷ்மைசர். அவற்றின் விதையை எடுத்து வைத்து அடுத்த வருஷம் விதைத்தார். மான்சான்டோ வழக்குப் போட்டது. 2004-ல் கனடா உச்ச நீதிமன்றத்தில் ஐந்துக்கு நாலு என்ற கணக்கில் கம்பெனி ஜெயித்தது. ஷ்மைசருக்கு அதனால் தனி லாபம் எதுவும் இல்லை என்பதால் பணம் கட்ட வேண்டாம் என்று விட்டார்கள்.

அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் வெர்னன் போமன் என்று ஒரு பெரியவர். தானியக் கிடங்கில் விலைக்கு விற்கிற சோயா பீன்ஸை வாங்கி வந்து விதைத்தார். காசு கொடுத்து வாங்கியது. திருட்டுச் சரக்கு கிடையாது. ஆனால் அதில் மான்சான்டோவின் மரபணு இருந்தது. 2013-ல் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அவருக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. 84,456 டாலர் கட்டு!

போமன் செய்ததைத்தான் சபர்காந்தா விவசாயியும் செய்தார். அங்கே அது குற்றம், இங்கே அது உரிமை. நடுவில் நிற்பது ஒரே ஒரு சட்டப்பிரிவு. அது எவ்வளவு மெல்லிய சுவர் என்பதை யோசித்துப் பாருங்கள்.

சுவருக்கு அந்தப் பக்கம் நிற்பவர்கள் யார்? 2017-ல் சீன அரசுக் கம்பெனி கெம்சைனா, 4,300 கோடி டாலர் கொடுத்து சின்ஜென்டாவை வாங்கியது. அதே வருஷம் டவ்வும் டுபான்டும் ஒன்றாயின; அதிலிருந்து 2019-ல் கோர்ட்டேவா என்கிற விதைக் கம்பெனி பிரிந்து வந்தது. 2018-ல் ஜெர்மனியின் பேயர், 6,300 கோடி டாலருக்கு மான்சான்டோவையே விழுங்கியது. விதை விற்பவரும் அவரே, களைக்கொல்லி விற்பவரும் அவரே. நோயையும் மருந்தையும் ஒரே கடையில் வாங்குகிற வசதி!

விதைக்குப் பூட்டுப் போட இவர்களிடம் மூணு சாவி இருக்கிறது. முதல் சாவி வீரிய ஒட்டு விதை. அதன் விளைச்சலை எடுத்து வைத்து மறுபடி விதைத்தால் முதல் வருஷம் போல வராது. கடைக்குத்தான் போயாக வேண்டும். ரெண்டாவது ஒப்பந்தம்: 'சேமிக்க மாட்டேன்' என்று கையெழுத்து. மூணாவது காப்புரிமை. உருளைக்கிழங்குக்கு முதல் சாவி செல்லாது. கிழங்கே விதை; அம்மா மாதிரியே பிள்ளை. அதனால்தான் பெப்சிகோ நீதிமன்றப் படி ஏற வேண்டி வந்தது.

வழக்கு என்ன ஆனது? எதிர்ப்பு கிளம்பியது. லேஸ் பாக்கெட்டை வாங்காதே என்ற குரல் எழுந்தது. தேர்தல் நேரம் வேறு. ஏப்ரல் 23-ல் குஜராத்தில் வாக்குப்பதிவு. மாநில அரசுக்கும் திடீரென்று விவசாயிமேல் பாசம் பொங்கியது. 'எங்களோடு ஒப்பந்தம் போடுங்கள், இல்லாவிட்டால் இனி இந்த ரகத்தைத் தொட மாட்டோம் என்று எழுதிக் கொடுங்கள்' என்று சமரசம் பேசிப் பார்த்தது கம்பெனி. ஒன்றும் நடக்கவில்லை. மே 2-ம் தேதி வழக்கை வாபஸ் வாங்குவதாக அறிவித்தது.

விவசாயிகள் ஜெயித்துவிட்டார்கள் என்று எல்லாரும் கைதட்டினோம். இங்கேதான் எனக்கு உறுத்துகிறது. வாபஸ் ஆனால் தீர்ப்பு கிடையாது. 39-வது பிரிவு சொல்வது இதுதான், விவசாயியைத் தொடாதே என்று அந்த வழக்கில் எந்த நீதிபதியும் எழுதும் வாய்ப்பு வரவில்லை. மிரட்டியவர்கள் கையைக் கழுவிவிட்டு எழுந்து போனார்கள், அவ்வளவுதான்.

அதோடு விடாமல் பிடித்துக்கொண்டவர் கவிதா குருகந்தி என்கிற செயற்பாட்டாளர். பெப்சிகோவின் பதிவையே ரத்து செய்ய வேண்டும் என்று மனுப் போட்டார். விண்ணப்பத்தில் முதல் விற்பனைத் தேதி தப்பு, ஆவணங்கள் முழுசாக இல்லை, விவசாயிகளை அலைக்கழித்தது பொதுநலனுக்கு விரோதம் என்று அடுக்கினார். 2021 டிசம்பர் 3-ல் பதிவு ரத்தானது. 2023 ஜூலையில் டெல்லி உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி அதை உறுதி செய்தார். 2024 ஜனவரியில் அதே நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு, ரத்தை ரத்து செய்து, பெப்சிகோவின் புதுப்பிப்பு விண்ணப்பத்துக்கு மறுபடி உயிர் கொடுத்தது. ஆக, கம்பெனியின் பதிவுக்கு வழி திறந்தது. விவசாயிக்கு 39-வது பிரிவு அப்படியே இருக்கிறது. இரண்டும் என்றைக்காவது நேருக்கு நேர் மோதினால் யார் பக்கம் சாய்வார்கள் என்பதுதான் பாக்கிக் கேள்வி.

இது நம் ஊர்க் கதை மட்டுமல்ல. கென்யாவில், சான்றிதழ் இல்லாத விதையைப் பகிர்ந்தாலோ விற்றாலோ ரெண்டு வருஷம் வரை ஜெயில் என்று 2012-ல் சட்டத்தை இறுக்கினார்கள். பக்கத்து வீட்டு அக்காவுக்கு ஒரு கை பயறு கொடுத்தால் குற்றம்! 15 சிறு விவசாயிகள் 2022-ல் வழக்குப் போட்டார்கள். 2025 நவம்பரில் அந்த நாட்டு உயர் நீதிமன்றம், அந்தப் பிரிவுகள் அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று தள்ளியது. கிராமத்துக் குரல்களைக் கேட்டு 2018-ல் ஐக்கிய நாடுகள் சபையும் விவசாயிகளின் விதை உரிமையை ஒரு பிரகடனமாக ஏற்றது. ஆதரவாக ஓட்டுப் போட்ட 121 நாடுகளில் இந்தியாவும் உண்டு. பிரகடனம் காகிதம்தான். ஆனால் காகிதத்தை எடுத்துக்கொண்டு போய் நீதிமன்றக் கதவைத் தட்டுகிற ஆள் இருந்தால் அது ஆயுதம். கென்யாவின் அந்தப் பதினைந்து பேர் அதைத்தான் காட்டினார்கள்.

நமக்கு 144 தெரியும். 420 தெரியும். சட்டப் புத்தகத்தில் அந்த எண்கள் மாறிய பிறகும் நம் வாயில் மாறவில்லை. 39 மட்டும் தெரியாது. உரிமை இருக்கிறது என்பதே தெரியாதவரிடமிருந்து அதைப் பிடுங்கத் தனிச் சட்டம் எதற்கு? ஒரு வக்கீல் நோட்டீஸ் போதும்.

அதனால் ஒரே ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் சித்தப்பாவோ மாமாவோ ஊரில் இன்னும் ரெண்டு ஏக்கர் வைத்துக்கொண்டு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பார். அடுத்த முறை போனில் மழையைப் பற்றி விசாரிக்கும்போது இதையும் சொல்லுங்கள்: 'நம்ம விளைச்சல்ல விதைக்கு எடுத்து வைக்க எவன்கிட்டயும் அனுமதி வாங்க வேண்டாம். முப்பத்தொன்பதாம் பிரிவு இருக்கு.'