மூன்றாவது வரியில் வந்துவிடும் ஸப்ர்

2018 மார்ச்சில் திகன, தெல்தெனிய பக்கம் தொடங்கிய வன்செயல் அக்குறணை, கட்டுகஸ்தோட்டை வரை பரவி ஓய்ந்து, பாடசாலைகள் திரும்பத் திறந்த பிறகு, தரம் ஒன்பது மாணவர்களுக்கு ‘அந்த நாட்கள்’ என்று ஒரு கட்டுரை எழுதக் கொடுத்தேன். ஒரு பையன், தன் வாப்பா கடைப்பக்கம் போகாமல் வீட்டு மூலையில் குந்தியிருந்ததைப் பார்க்கப் பார்க்க அவர்மேல் கோபம் வந்தது என்று எழுதியிருந்தான். அடுத்த வரியில், அப்படிக் கோபம் வந்ததை நினைக்க வெட்கமாக இருந்தது என்றும் எழுதியிருந்தான். நான் சிவப்புப் பேனையால் அந்த இரண்டு வரிகளையும் வெட்டினேன். ‘நாம் அனைவரும் ஸப்ருடன் இருந்தோம்’ என்று மேலே எழுதி, பதினைந்துக்குப் பன்னிரண்டு புள்ளியும் போட்டுக் கொடுத்தேன்.

நான் வெட்டியது அந்தக் கட்டுரையில் உயிரோடிருந்த ஒரே இடத்தை. அது எனக்கு உறைக்க இரண்டு வருடங்களுக்கு மேல் சென்றது. கொவிட் மரணங்களை எரித்தே ஆகவேண்டும் என்று 2020 ஏப்ரலில் வர்த்தமானி வந்ததிலிருந்து 2021 பெப்ரவரியில் அது மாற்றப்படும் வரை நம்மவர்கள் எழுதிக் குவித்த கவிதைகளை ஒரு கொப்பியில் ஒட்டிக்கொண்டு வந்தேன். ஒருநாள் அவற்றைச் சேர்த்து வாசித்தபோது, அத்தனையையும் ஒரே வாத்தியார் திருத்தியது போலிருந்தது. முதல் வரியில் தீ. இரண்டாம் வரியில் கபன் துணி, அல்லது ஓர் உம்மாவின் கண்ணீர். மூன்றாவது வரியில் ஸப்ர் வந்துவிடும். சில கவிதைகளில் அதே இடத்தில் ‘எழுவோம்’ வரும். இவ்விரண்டும் எதிர் எதிரானவை என்று நமது விமர்சகர்கள் சண்டை பிடித்துக்கொண்டார்கள். எனக்கு இரண்டும் ஒன்றாகவே படுகின்றன. வலிக்கு எதிரே நிற்கப் பயந்து, ஒருவர் பள்ளிவாசலுக்குள் ஓடுகிறார், மற்றவர் தெருவுக்கு ஓடுகிறார். வலி என்னவோ விட்ட இடத்திலேயே இருக்கிறது.

நிற்பது எப்படி என்பது பற்றி நமக்கு மிகக் கிட்டிய இடத்தில் ஒரு நூல் எழுதப்பட்டிருக்கிறது. மடவளையிலிருந்து பஸ்ஸில் கண்டிக்குப் போகிறவர்கள் தலதா மாளிகைக்குப் பின்னால் உடவத்தகலைக் காட்டைப் பார்த்திருப்பார்கள். அங்கே 1952 முதல் வாழ்ந்தவர் ஞானபோனிக தேரர். ஜெர்மனியில் ஒரு யூதக் குடும்பத்தில் 1901 இல் பிறந்து, இலங்கை வந்து துறவியாகி, ஜெர்மானியர் என்ற காரணத்துக்காகவே இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் ஆங்கிலேயரால் தியத்தலாவையிலும் டேராடூனிலும் அடைத்துவைக்கப்பட்டவர். பௌத்த தியானத்தின் இதயம் என்று பொருள்படும் அவரது ஆங்கில நூல் 1954 இல் வெளிவந்தது. மனதில் கோபம் எழுந்தால் ‘கோபம் எழுந்திருக்கிறது’ என்று அறிவது, அதைத் தள்ளாமலும் அதற்குத் தீனி போடாமலும் அறிவது, இதுதான் அந்நூல் கற்பிக்கும் ‘வெறும் கவனம்’. 1979 இல் மசாசூசெற்ஸில் ஜோன் கபாற்-சின் நோயாளிகளுக்காகத் தொடங்கிய பயிற்சியிலிருந்து உலகெங்கும் பரவிய முறைக்கு இத்தகைய நூல்கள் ஊற்றுக்கண்ணாயின. இன்று கொழும்பில் பணம் கட்டி அதைப் படிக்கிறார்கள். தமிழில் அதற்கு ‘விழிப்புணர்வு’ என்று எழுதுகிறார்கள். எனக்கு அந்தச் சொல்லைக் கேட்டால் டெங்கு நுளம்புதான் ஞாபகம் வருகிறது. ‘மனக்கவனம்’ என்று சொல்லலாமே.

இது அந்நிய சரக்கு, நமக்கேன் என்று கேட்பவர்கள் இருப்பார்கள். பாளியில் ஸதி என்பதன் வேர்ப்பொருள் நினைவு. நமது திக்ருக்கும் பொருள் நினைவுதான். இரண்டும் ஒன்று என்று நான் சொல்லவரவில்லை. யாரை, எதை நினைப்பது என்பதில் பெரிய வேறுபாடு உண்டு. ஆனால் தன் மனதைத் தானே கண்காணிப்பது நமக்குப் புதிதல்ல. இமாம் கஸ்ஸாலி தமது இஹ்யாவில் முராகபாவுக்கும் முஹாஸபாவுக்கும் தனி நூலே ஒதுக்கியிருக்கிறார். அவருக்கும் முன்னால், பக்தாதில் 857 இல் மறைந்த ஹாரிதுல் முஹாஸிபிக்குப் பட்டப்பெயரே அதனால் வந்தது.

ஸப்ருக்கே வருவோம். அழகிய ஸப்ர் என்ற சொல்லை யாருடைய வாயிலிருந்து கேட்கிறோம்? யூசுப் நபியை இழந்த யஃகூப் நபியிடமிருந்து. அதே யஃகூப் நபிதான் துக்கத்தால் கண்கள் வெளுத்துப்போகும் வரை அழுதார். பிள்ளைகள் குறைசொன்னபோது, என் துயரத்தை அல்லாஹ்விடமே முறையிடுகிறேன் என்றார். துயரம் இல்லை என்று அவர் சொல்லவில்லை. மகன் இப்ராஹீம் மரித்தபோது நபி (ஸல்) அவர்களின் கண்கள் கலங்கின. தாங்களுமா என்று அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ப் (ரலி) வியந்து கேட்டார். இது இரக்கம் என்றார்கள். கண் அழுகிறது, உள்ளம் வருந்துகிறது என்பதை முதலில் சொல்லி, றப்புக்கு உவப்பானதையன்றி வேறெதுவும் பேசமாட்டோம் என்பதைப் பிறகு சொன்னார்கள். இந்த வரிசை முக்கியமானது. நமது கவிஞர்கள் பின்னதை எடுத்துக்கொண்டு முன்னதை விட்டுவிடுகிறார்கள்.

நின்று பார்த்த ஒரு கவிதையைச் சொல்லவேண்டுமானால், பேராசிரியர் எம்.ஏ. நுஃமானின் ‘புத்தரின் படுகொலை’யைத்தான் சொல்வேன். 1981 இல் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டதையொட்டி எழுதப்பட்டது. ஒரு கனவு. அதில் சீருடையில்லாத காவலர்கள் புத்தரைச் சுட்டுக் கொல்கிறார்கள். நூலகத்துப் புத்தகங்களையே விறகாக அடுக்கிச் சடலத்தை எரிக்கிறார்கள். தம்மபதமும் சாம்பலாகிறது. கவிஞர் தமது கோபத்தைப் பற்றிப் பேசுவதேயில்லை, நடப்பதைச் சொல்லிக்கொண்டே போகிறார். ஆறுதலும் தருவதில்லை, அழைப்பும் விடுப்பதில்லை. தரம் பதினொன்று பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டினால் முடிந்த பிறகு ஒருவரும் பேசமாட்டார்கள். அடுத்தவரின் போதகரை மதித்தபடியே அடுத்தவரின் கொடுமையைச் சொல்ல அந்த நிதானம் இடங்கொடுத்திருக்கிறது.

ஏற்றுக்கொள் என்றால் அநியாயத்தையும் ஏற்றுக்கொள்வதா என்று கேட்பது நியாயம். நம்மவர்களிடம் ஸப்ர் செய் என்று சொன்னவர்களில் பாதிப்பேர், வாயை மூடு என்பதைத்தான் மரியாதையாகச் சொன்னார்கள். நானும் அந்தப் பாதிக்குள் அடக்கம். ஆனால் நான் பேசும் ஏற்பு, எனக்குள் இருப்பது பயம், இது கோபம், இது வெட்கம் என்று ஒப்புக்கொள்வது. செய்யப்பட்டது சரி என்று ஒப்புக்கொள்வது வேறு கதை. பிறந்து இருபது நாளேயான குழந்தை எரிக்கப்பட்ட பிறகு, 2020 டிசம்பரில் பொரளை மயான வேலியில் மக்கள் வெள்ளைத் துணி கட்டினார்கள். அந்தத் துண்டுத் துணியில் துக்கமும் இருந்தது, மறுப்பும் இருந்தது. ஒன்று மற்றதை விழுங்கவில்லை. என் கொப்பியில் ஒட்டிய எந்தக் கவிதையும் அந்த வேலிக்குப் பக்கத்தில் நிற்காது.

2024 ஜூலையில் அரசாங்கம் மன்னிப்புக் கேட்டது. அதற்கும் கவிதைகள் வந்தன, பெரும்பாலும் ‘மறக்கமாட்டோம்’ வகை. எதை மறக்கமாட்டோம் என்பதை யாரும் எழுதவில்லை. 2021 மார்ச்சில் ஓட்டமாவடியில் அடக்கம் செய்ய இடம் கிடைத்தபோது, நாட்டின் நாலா பக்கமிருந்தும் ஜனாஸாக்கள் அங்கே போயின. வாப்பாவை அடக்கக் கிடைத்ததே என்ற நிம்மதி, ஊர் மையவாடியில் இல்லையே என்ற கசப்பு, நிம்மதிப்பட்டுவிட்டோமே என்ற குற்றவுணர்வு, இவை மூன்றும் ஒரு மகனின் நெஞ்சில் ஒரே பயணத்தில் இருந்திருக்கும். அந்தப் பயணத்தை, மூன்றாவது வரியில் ஓடிவிடாமல் எழுதிய ஒரு சிறுகதை என் கைக்கு இன்னும் வந்து சேரவில்லை. யாரிடமாவது இருந்தால், திருத்தாமல் அனுப்பிவையுங்கள்.