பதக்கமும் பதிவேடும்

செய்யூரில் பிளஸ் ஒன் படிக்கும் பிள்ளைக்கு அரசு ஒரு மிதிவண்டி கொடுக்கிறது. அதில் ஏறிக் கிழக்கே மிதித்தால் உப்பளம், கழிவெளி, மணல்மேடு, கடல் என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். முதலியார்குப்பம் படகுத்துறையை ஒட்டிய ஓதியூர்க் கழிவெளியில், பருவம் வாய்த்தால் பூநாரைகளையும் காணலாம். மேற்கே மதுராந்தகம் வட்டத்தில் வேடந்தாங்கலும் கரிக்கிலியும் இருக்கின்றன. இரண்டும் 2022இல் உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தன. இத்தனையையும் சுற்றிலும் வைத்துக்கொண்டுதான் பிளஸ் டூ விலங்கியலில் பல்லுயிர்ப் பாதுகாப்பு என்ற பாடம் நடக்கிறது. உயிரினத்தை அதன் வாழிடத்திலேயே காப்பதற்கும் வெளியே கொண்டுபோய்க் காப்பதற்கும் என்ன வேறுபாடு என்று கேட்டால், பிள்ளைகள் ஐந்து மதிப்பெண்ணுக்குப் பிசகாமல் எழுதிவிடுவார்கள். ஓதியூர்க் கழிவெளியைப் பற்றி எழுதச் சொல்லும் கேள்விதான் வருவதில்லை.

கடலுக்கு அந்தப் பக்கம், இலங்கையின் மன்னாரில், தமிழில் படிக்கும் பிள்ளைக்கும் ஏறக்குறைய இதே நிலம்தான். வங்காலைச் சரணாலயம் 2010இல் ராம்சார் தகுதி பெற்றது. உப்பளமும் களப்பும் பூநாரையும் அங்கேயும் உண்டு. ஒரே வலசைப் பாதையில் உள்ள இரண்டு ஊர்களின் பள்ளிகளும் இயற்கையைச் சொல்லிக்கொடுக்க வெவ்வேறு வழிகளைப் பிடித்திருக்கின்றன.

இந்தியாவில் சுற்றுச்சூழல் பாடம் நீதிமன்றத்தின் வழியாக வந்தது. எம்.சி.மேத்தா தொடுத்த பொதுநல வழக்கில், கல்வியின் எல்லா நிலைகளிலும் சுற்றுச்சூழலைக் கட்டாயப் பாடமாக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1991 நவம்பரில் சொன்னது. பத்தாண்டு கழித்தும் பல மாநிலங்கள் அசையாததால் 2003இல் மறுபடியும் ஆணையிட்டது. இதற்கிடையே 2001-02இல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் தேசிய பசுமைப் படையைத் தொடங்கியது. பள்ளிக்கு ஒரு மன்றம், அதற்குப் பொறுப்பாக ஓர் ஆசிரியர், ஆண்டுக்கு 2,500 ரூபாய் என்பது ஏற்பாடு. தொகை பின்னர் 5,000 ஆனது. ஒரு வகுப்புப் பிள்ளைகளை ஒரு முறை வேனில் ஏற்றி வேடந்தாங்கலுக்குக் கூட்டிப்போய் வருவதற்கே இது பற்றாது. ஆகவே ஜூன் 5 அன்று மரக்கன்று, ஓவியப் போட்டி, உறுதிமொழி என்று பல மன்றங்களின் ஆண்டு முடிந்துபோகிறது.

இலங்கை பிள்ளையிலிருந்து தொடங்கியது. தரம் 1 முதல் 5 வரை ‘சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள்’ என்ற பாடம் இருக்கிறது. அறிவியலும் சமூகவியலும் சிறு வயதில் தனித்தனியாக வருவதில்லை. வீடு, கிணறு, மழை, பூச்சி எல்லாம் ஒரே பாடத்துக்குள் வந்துவிடும். பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்குச் சுற்றாடல் முன்னோடித் திட்டம். 1981இல் அமைந்த மத்திய சுற்றாடல் அதிகார சபை அதைப் பாடசாலைகளில் நடத்துகிறது. செய்து முடித்த வேலையைக் காட்டிப் படிப்படியாகச் சின்னம் பெற்று, உச்சியில் ஜனாதிபதிப் பதக்கம் வரை போகலாம். சாரணர் இயக்கத்தில் இருந்தவர்களுக்கு இந்த ஏணி விளங்கும். இந்தியாவில் கணக்குக் காட்டுவது மன்றம். அங்கே தன் பெயரில் கணக்குக் காட்டுவது மாணவர். இந்த விஷயத்தில் இலங்கை முன்னே நிற்கிறது என்று தயங்காமல் சொல்லலாம்.

அரசுக்கு வெளியேயும் அங்கே ஓர் உறுதியான மரபு உண்டு. 1972இல் தெகிவளை மிருகக்காட்சிச்சாலையில் தொடங்கிய இளம் விலங்கியலாளர் சங்கம், பறவை, ஊர்வன, பட்டாம்பூச்சி என்று பிள்ளைகளை ஆர்வத்துக்கேற்பப் பிரித்துப் பழக்கியது. நான்கு ஆண்டுகள் கழித்து, 1976இல், செங்கல்பட்டுக் கடற்கரையின் வடநெம்மேலியில் ரோமுலஸ் விட்டேக்கரும் சாய் விட்டேக்கரும் முதலைப் பண்ணையைத் தொடங்கினார்கள். முதலையைப் பார்க்கப் பள்ளிக்கூட வேன்கள் இன்றும் அங்கே வரிசையாக நிற்கின்றன.

அதே வளாகத்தில் பிள்ளைகள் பார்க்க வேண்டிய இன்னொன்று, 1978இல் உருவான இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சையும் எடுத்து, பாம்பை மறுபடி காட்டிலேயே விடும் சங்கம் அது. இந்தியாவின் நஞ்சுமுறி மருந்துக்கு முதற்பொருள் பெருமளவு இங்கிருந்துதான் போகிறது. இலங்கை மருத்துவமனைகள் பயன்படுத்துவதும் இந்தியாவிலிருந்து வாங்கும் நஞ்சுமுறியைத்தான். 2023இல் பத்மஸ்ரீ பெற்ற வடிவேல் கோபாலும் மாசி சடையனும் இந்த மாவட்டத்து இருளர்கள். அமெரிக்காவின் ஃப்ளோரிடாவுக்கே போய் மலைப்பாம்பு பிடித்துக் காட்டியவர்கள். வரப்பில் கிடக்கும் தடத்தைப் பார்த்து எந்தப் பாம்பு, எப்போது போனது என்று சொல்லும் அறிவு இது. அந்த அறிவுள்ள வீட்டுப் பிள்ளைகள்தான் பள்ளிப்படிப்பை முதலில் விட்டுவிடுகிறார்கள் என்பது இந்தப் பகுதியின் பெரிய இழப்பு. பாம்பைப் பற்றிய வகுப்பில் ஓர் இருளர் பெரியவர் ஆசிரியரின் நாற்காலியில் உட்கார்ந்தால், தன் வீட்டில் என்ன இருக்கிறது என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியும், மற்றவர்களுக்கும் தெரியும்.

வாழிடத்திலேயே காப்பதா, வெளியே வைத்துக் காப்பதா என்ற தேர்வுக் கேள்விக்கு இரு நாட்டுக் கடற்கரைகளிலும் கண்ணெதிரே விடை கிடைக்கிறது. சென்னையில் 1988 முதல் மாணவர்களின் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு, முட்டையிடும் பருவத்தில் இரவெல்லாம் கரையில் நடந்து பங்குனி ஆமைகளின் முட்டைகளை எடுத்து, வேலியிட்ட பொரிப்பகத்தில் புதைத்துக் காக்கிறது. நாய், திருட்டு, விளக்கு வெளிச்சம் மிகுந்த கரையில் வேறு வழியில்லை. இலங்கையின் தென்கரையில் ரேகவையில் 1996இல் வேறொரு முறை தொடங்கியது. கூட்டை அது இருந்த இடத்திலேயே விட்டு, முன்பு முட்டை எடுத்துப் பிழைத்தவர்களையே சம்பளத்துக்குக் காவல் வைத்தார்கள். அதே நாட்டின் தென்மேற்குக் கரையில் சுற்றுலாப் பயணிகளுக்குக் காட்டுவதற்காகக் குஞ்சுகளைத் தொட்டியில் வைத்திருக்கும் பொரிப்பகங்களும் உண்டு. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேசினால் அந்த ஐந்து மதிப்பெண் கேள்வி உயிர்பெறும். பிறந்த உடனே குஞ்சு கடலை நோக்கி விரைய வேண்டிய நேரத்தைத் தொட்டியில் கழிப்பது ஏன் கெடுதல் என்று ஏழாம் வகுப்புப் பிள்ளையே கேட்கும்.

2025 ஜனவரியில் சென்னை, செங்கல்பட்டுக் கரைகளில் பங்குனி ஆமைகள் நூற்றுக்கணக்கில் செத்து ஒதுங்கின. இழுவலையில் சிக்கி மூச்சுமுட்டிச் செத்தவை அவற்றில் பெரும்பாலானவை என்று சொல்லப்பட்டது. கரையோரத்தில் இழுவலைக்கு இருக்கும் தடை என்ன, வலையில் ஆமை விலக்குக் கருவி பொருத்தினால் மீன் எவ்வளவு நழுவும், அந்த நட்டம் யாருக்கு என்பவையெல்லாம் குப்பத்துப் பிள்ளைகளின் வீட்டில் அன்றாடம் பேசப்படுபவை. வகுப்பறைக்குள் அந்தப் பேச்சு வருவதில்லை.

இரண்டு நாடுகளும் தடுமாறும் இடம் இதுதான். செய்யூரில் 4,000 மெகாவாட் நிலக்கரி அனல்மின் நிலையம் கொண்டுவரத் திட்டமிட்டபோது மீனவரும் விவசாயிகளும் ஆண்டுக்கணக்கில் எதிர்த்தார்கள். மன்னாரில் பிரச்சினை இன்னும் சிக்கலானது. அங்கே வந்தது காற்றாலை. பாடப்புத்தகம் நல்லது என்று சொல்லும் அதே மின்சாரம். 2020 டிசம்பரில் தம்பபவனி காற்றாலைப் பூங்கா திறக்கப்பட்டது. பறவைகளின் வலசைப் பாதையையும் நிலத்தடி நீரையும் முன்வைத்து, புதிய காற்றாலைகளுக்கு எதிராக மன்னார் மக்கள் 2025இலும் தெருவில் நின்றார்கள். கரியைக் குறைப்பதும் பறவையைக் காப்பதும் மோதும்போது எப்படி யோசிப்பது என்று முன்னோடிச் சின்னமும் கற்றுத்தரவில்லை, பசுமைப் படையும் கற்றுத்தரவில்லை. நிலைபேறு என்ற பாடத்தின் கடினமான பகுதியே அதுதான். மரம் நடுவது அதில் சுலபமான பகுதி.

ஆனால் இந்தியாவின் கையில் இலங்கைப் பள்ளிகளுக்கு வாய்க்காத ஒரு கருவி இருக்கிறது. 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டப்படி, ஒவ்வொரு உள்ளாட்சியும் மேலாண்மைக் குழு அமைத்து, தன் எல்லைக்குள் இருக்கும் உயிரினங்களையும் அவை பற்றிய ஊரறிவையும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டில் எழுத வேண்டும். இந்த யோசனைக்குப் பின்னால் இருந்த சூழலியலாளர் மாதவ் காட்கில், 2005 தேசியக் கலைத்திட்டத்துக்காகச் சூழல்கல்வி பற்றி அமைந்த குழுவுக்கும் தலைவராக இருந்தார். மாணவர்கள் தம் ஊரைப் பார்த்து எழுதுவது பொதுப் பயன்பாட்டுக்கு வர வேண்டும் என்பது அவர் எண்ணம். நடந்தது வேறு. 2020 ஜனவரிக்குள் முடிக்காவிட்டால் மாநிலங்கள் மாதம் பத்து லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்று பசுமைத் தீர்ப்பாயம் கெடு வைக்க, நாடு முழுவதும் பதிவேடுகள் அவசர அவசரமாக எழுதப்பட்டன. அப்படி எழுதியதில் நத்தைகுத்தி நாரையின் பெயர் இருக்கலாம். அலகை மூடினாலும் நடுவில் இடைவெளி நிற்பதும், அந்த அலகால் நத்தைச் சதையை உருவித் தின்றுவிட்டு ஓட்டை வரப்பிலேயே போட்டுவிட்டுப் போவதும், அந்த ஓடுகள் எந்த மாதத்தில் அதிகம் என்பதும் இருக்காது. ஆண்டு முழுக்க வரப்பில் நடக்கும் பிள்ளைக்குத்தான் அது தெரியும்.

கண்டதை எழுத்தில் ஏற்றுவது இந்தப் பகுதிக்குப் புதிதல்ல. வேடந்தாங்கல்காரர்கள் 1798லேயே அன்றைய செங்கல்பட்டு ஆட்சியர் லயோனல் பிளேஸிடம் பறவைகளுக்காக எழுத்துப்பூர்வமான உரிமை வாங்கினார்கள். பறவை எச்சம் கரைந்த ஏரித்தண்ணீர் நெல்லுக்கு நல்லது என்று கண்டு வைத்திருந்த ஊர் அது. கண்டதை ஆட்சியரிடம் எடுத்துச்சொல்லி, எழுத்தில் வாங்கிக்கொண்டதால்தான் அது நின்றது.

செய்யூர் வட்டாரப் பள்ளிகளாலும் ஊராட்சிகளாலும் இப்படிக் கண்டதை எழுத்தில் ஏற்ற முடியும். இலங்கையிடமிருந்து ஏணியை எடுத்துக்கொள்ளலாம்: ஆறாம் வகுப்பில் ஒரு குறிப்பேடு, எட்டாம் வகுப்பில் ஓர் ஏரிக்கோ ஓடைக்கோ பொறுப்பு, பிளஸ் ஒன்னில் இளையவர்களை வழிநடத்தும் வேலை. எழுதியது பரிசோடு நின்றுவிடாமல் ஊராட்சிப் பதிவேட்டில் பிள்ளையின் பெயரோடு ஏற வேண்டும். ஜனவரி 26 கிராமசபை கூடும்போது வேடந்தாங்கலில் பறவைகள் நிறைந்திருக்கும், கரையில் ஆமை ஏறத் தொடங்கியிருக்கும். வருகிற ஜனவரியில் அந்தக் கூட்டத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கால்மணி நேரம் ஒதுக்குங்கள். அவர்கள் படிக்கும் குறிப்பைத் தீர்மானப் புத்தகத்தில் சேருங்கள்.