எச்சம்: சொல்லும் பொருளும்

ஒரு சொல் பல பொருள் குறித்தல் எல்லா மொழிக்கும் இயல்பு. ஆயின், ஒன்றற்கொன்று மாறுபட்டனபோலத் தோன்றும் பொருள்களை ஒரே வேரிலிருந்து ஈன்று, அவற்றுட் பலவற்றை இன்றளவும் காத்துவரும் சொற்கள் சிலவே. 'எச்சம்' என்பது அத்தகைய சொல். மக்கட்பேறும் எச்சம், புகழும் எச்சம், உடற்குறையும் எச்சம், முற்றுப்பெறாத வினையும் எச்சம், மரக்கிளையில் அமர்ந்த காக்கை கீழே இடுவதும் எச்சமே. இவையனைத்தும் ஒரு சொல்லுள் எவ்வாறு அடங்கின? அதனை அறிவதால் திருக்குறளின் ஒரு பாவுக்குப் பொருள் காண்பதில் நாம் பெறும் தெளிவு யாது? இவ்விரண்டையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

'எஞ்சு' என்னும் வினையடியே இச்சொல்லின் வேர். அஞ்சு என்பது அச்சம் எனவும், மிஞ்சு என்பது மிச்சம் எனவும் ஆனவாறே, எஞ்சு என்பதும் எச்சமாயிற்று. உண்டபின் இலையில் எஞ்சியதும், அதுவழி வாய்பட்ட பொருளும், வாய்நீருமே 'எச்சில்' எனப்பட்டன. மலையாளத்தார் அதனை எச்சில் என்றே வழங்குவர். தெலுங்கர் எங்கிலி என்பர். கன்னட நாட்டில் வாழும் நாம் நாள்தோறும் செவியுறும் சொல் எஞ்சலு. தமிழில் வல்லெழுத்தாகத் திரிந்த இடத்தில் கன்னடம் மெல்லெழுத்தைக் காத்து நிற்றலின், இச்சொற்கள் ஒருவேர்ப் பிறந்தவை என்பது எளிதில் புலனாகும். வேள்வியைக் குறிக்கும் 'எச்சம்' என்பதும், தக்கன் வேள்விக் கதையில் வரும் 'எச்சன்' என்னும் பெயரும் இவ்வினத்தைச் சேர்ந்தவை அல்ல. அவை யக்ஞம் என்னும் வடசொல்லின் திரிபுகள். ஒலி ஒத்தமையால் இரண்டையும் ஒன்றெனக் கருதி மயங்குதல் கூடாது.

எஞ்சுதல் என்பதற்கு மீந்து நிற்றல், குறைதல் என இரு பொருள் உண்டு. இவை முரணென்று தோன்றும். நுணுகி நோக்கின் முரணல்ல. சொல்லவேண்டிய பத்துச் செய்திகளுள் ஏழைச் சொல்லி ஒருவன் நிறுத்தினால், மூன்று எஞ்சும். சொன்னவனிடத்து அவை மீதி. கேட்டவனிடத்து அவையே குறை. ஒரே நிலையை இருபுறமும் நின்று காட்டும் ஆற்றல் இச்சொல்லுக்கு உண்டு. மிச்சத்துக்கு இவ்வாற்றல் இல்லை. அது மிகுதியினின்று பிறந்தது. தேவை நிறைந்தபின் மேலே நிற்பதைக் குறிப்பது. வழக்கில் 'எச்சமிச்சம்' என இரண்டையும் இணைத்தே கூறினும், மிச்சம் நிறைவின் பக்கம் நிற்க, எச்சம் நிறைவுக்கும் குறைவுக்கும் இடையே நிற்கிறது.

குறை என்னும் பொருளுக்குப் புறநானூறு சான்று தரும். அதன் 28-ஆம் பாட்டில் உறையூர் முதுகண்ணன் சாத்தனார், சோழன் நலங்கிள்ளிக்கு அறிவுரை கூறுமிடத்து, கூன், குறள், ஊமை, செவிடு முதலாக எட்டனை எச்சமென எண்ணுகின்றார். உடற்குறையுடையாரைப் பற்றிய அப்பழைய நோக்கை இன்று நாம் ஏற்கவேண்டுவதில்லை. சொல் அக்காலத்தில் கொண்டிருந்த பொருளை அறிய அப்பாட்டு உதவுகிறது என்ற அளவிலே அமைவோம்.

இலக்கணத்தார் இச்சொல்லை ஆண்ட திறமோ வியக்கத்தக்கது. தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் இறுதி இயலுக்கு எச்சவியல் என்பது பெயர். முன்னை எட்டு இயல்களுள்ளும் கூறாது எஞ்சியவற்றைத் தொகுத்துரைத்தலின் அப்பெயர் பெற்றது என்பது உரை வழக்கு. அவ்வியலுள்ளேயே, பெயரெச்சம் வினையெச்சம் உள்ளிட்ட பத்துவகை எச்சங்களும் எண்ணப்படுகின்றன. 'வந்த' என்று கூறி நிறுத்தினால் ஒரு பெயர் வேண்டிநிற்கும். 'வந்து' என்று கூறி நிறுத்தினால் ஒரு வினை வேண்டிநிற்கும். முன்னது பெயர் எஞ்ச நின்றமையின் பெயரெச்சம். பின்னது வினை எஞ்ச நின்றமையின் வினையெச்சம். ஈண்டு எச்சம் என்றது முடிந்துபோனதன் மீதியை அன்று. இனி வந்து முடிக்கவேண்டியதை நோக்கி நிற்கும் நிலையை. செய்யுளியலும் எச்சத்தைச் செய்யுளின் உறுப்புகளுள் ஒன்றாக வைத்து, புலவன் கூறாது விட்டதைக் கேட்போன் நிரப்பிக்கொள்ள இடந்தருகிறது.

இப்பின்னணியோடு, நடுவு நிலைமை அதிகாரத்தில் வரும் 114-ஆம் குறளை நோக்குவோம். தகுதியுடையார் இவர், இலர் இவர் என்பது அவரவர் எச்சத்தால் அறியப்படும் என்கிறது அக்குறள். எச்சம் என்பதற்குப் பரிமேலழகர் மக்கள் எனப் பொருள் கொண்டார். நன்மக்கள் உளராதலும் இலராதலும் அளவுகோல் என்றார். மு. வரதராசனார் எஞ்சி நிற்கும் புகழும் பழியும் என்றார். பரிமேலழகர்க்கும் பற்றுக்கோடு உண்டு. இரு குறள் முன்னரே, 112-இல், நடுவுநிலையாளனின் செல்வம் அவன் எச்சத்துக்கு அரணாகும் என வருகிறது. ஆண்டு வழிவந்தோர் என்னும் பொருளே நேரிது.

எனினும், 114-இல் அவ்வுரையை முழுதும் ஏற்பதற்கு ஒரு தடை உளது. மக்கட்பேறு இல்லாத சான்றோர் எத்துணையர்! நல்ல தந்தைக்குத் தீய மகன் பிறத்தலை உலகம் காணாததா? பிறர் நடத்தையை வைத்து ஒருவன் தகுதியை அளத்தல், நடுவு நிலைமையைப் போதிக்கும் அதிகாரத்திலேயே நடுவு பிறழ்ந்த தீர்ப்பாகாதோ? வள்ளுவர் தாமே பிறவிடங்களில் இச்சொல்லை விரித்து ஆள்கின்றார். 238-இல் புகழே எச்சம். 1004-இல், எவராலும் விரும்பப்படாத செல்வன் தன் எச்சமென்று எதனைத்தான் கருதுவானோ என வினவுகின்றார். 674-இல், செய்து முடிக்காத வினையும் தீர்க்காத பகையும் விட்ட எச்சம், அணையாத நெருப்பின் எச்சம்போல வளர்ந்து அழிக்கும் என்கின்றார்.

இவற்றுள் இறுதியாகக் கூறிய குறளே 114-க்குச் சிறந்த விளக்கம் என்பது என் கருத்து. நடுவுநிலையாளனின் தொழில் இருவரிடையே தீர்ப்பளித்தல். அத்தீர்ப்புக்குப் பின் அவ்விருவர் நெஞ்சிலும் எஞ்சுவது யாது? கோடிய தீர்ப்பாயின் பகை எஞ்சும். அது தலைமுறை கடந்தும் எரியும். செப்பமான தீர்ப்பாயின் தோற்றவனிடத்தும் அமைதி எஞ்சும். தகவுடைமையை அந்த எஞ்சிய விளைவே காட்டிக்கொடுக்கும். புகழும் பழியும் அதன்வழி வருவன. மக்கள் பெறும் வாழ்வும் தாழ்வும் அதனுள் அடங்குவன. உரைகள் இரண்டும் பிழையல்ல. ஒவ்வொன்றும் பெரும்பொருளின் ஒரு கூற்றையே கூறுகின்றன.

பறவையின் எச்சமும் இவ்வினத்துக்குப் புறம்பன்று. உண்ட கனியின் கழிவே அது. ஆயினும் அதனுள் செரியாத விதை கிடக்கிறது. கோபுர இடுக்கில் விழுந்த அவ்விதை ஆலாகவும் அரசாகவும் முளைத்துக் கற்களைப் பெயர்ப்பதை நாம் கண்டிருக்கிறோம். கழிந்ததென்று கருதியது அங்கே வினை தொடங்குகிறது.

நம் பள்ளிகளில் பெயரெச்சமும் வினையெச்சமும் இலக்கண வகுப்பில் தனியே கற்பிக்கப்படுகின்றன. 114-ஆம் குறள் செய்யுள் வகுப்பில் தனியே வருகிறது. இரண்டிலும் உள்ள சொல் ஒன்றே என்று எடுத்துரைக்கும் ஆசிரியர், மாணவர்க்கு ஒரு விதியையும் ஓர் அறத்தையும் ஒருசேர விளக்கியவராவார். அயல்மொழிச் சூழலில் தமிழ் பயிலும் நம் சிறார்க்கு, எஞ்சலுவிலிருந்து தொடங்கியும் இதனைக் கற்பிக்கலாம்.