வடியில் தங்கிய கதை

தேயிலை மலையைப் படம் பிடிக்காதவர் யார்? 1867இல் ஜேம்ஸ் டெய்லர் இலங்கையின் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தொடங்கிய பயிர் இது. இன்றைக்கும் தேயிலைப் பெட்டிகளிலும் சுற்றுலா விளம்பரங்களிலும் கூடை சுமந்த பெண் சிரித்துக்கொண்டே இருக்கிறாள். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பிரட்டுக்களத்தையும், கொழுந்து நிறுக்கும் தராசையும், நிறை குறைந்தால் அரைநாள் சம்பளமாகிவிடும் அரைப்பேரையும் அந்தப் படங்கள் சொல்வதில்லை.

ஹற்றனில் பிறந்து, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் நுண்கலை பயின்ற ஹனுஷா சோமசுந்தரத்தின் கலை இதனாலேயே எனக்குப் பெரிதாகப் படுகிறது. பாவித்த தேயிலைப் பைகளும் தேநீர் வடிகளும் அவர் கையாளும் பொருள்கள்.

தொழிற்சாலையில் சலித்துப் பிரித்த மிக நுண்ணிய துகளும் தூளும்தான் பெரும்பாலும் பைக்குள் போகின்றன. நனைந்து காய்ந்த பை ஒன்றை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். நடுவில் வெளிறிய மஞ்சள். விளிம்பில் கருஞ்சிவப்புக் கோடு. ஓரம் விரைவாக உலர்வதால் சாயம் அங்கே இழுபட்டுப் படிகிறது. தூரிகை தொடாத அந்தக் கறையின் மேல் ஓர் உருவம் வந்து அமர்ந்தால், தாளும் ஆளும் ஒரே உழைப்பில் பிறந்தவையாகிவிடும். வடியின் இயல்பு இன்னும் கடுமையானது. சக்கையைத் தன்னிடம் வைத்துக்கொண்டு சாற்றை வேறொருவர் கோப்பைக்கு அனுப்பிவிடும். 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்ட மலையகத் தமிழ்ச் சமூகத்தின் கதையைச் சொல்ல இதைவிடப் பொருத்தமான பாத்திரம் எனக்குத் தெரியவில்லை.

இந்தக் கலையுடன் காணொளியும் சேர வேண்டும் என்பது என் ஆசை. கொரியாவில் பிறந்த காணொளிக் கலைஞர் நாம் ஜூன் பைக் 1974இல் ஒரு பழைய புத்தர் சிலையைத் தொலைக்காட்சிப் பெட்டிக்கு எதிரே இருத்தினார். பெட்டிக்குப் பின்னாலிருந்து ஒரு கமரா அந்தச் சிலையையே எடுத்து, அதே நொடியில் திரையில் காட்டியது. புத்தர் தன்னைத் தானே பார்த்தபடி இருக்கிறார். கிட்டே போய் எட்டிப் பார்ப்பவரும் அந்தத் திரைக்குள் அகப்பட்டுக்கொள்வார். மலையகத்துக்கு இந்த உத்தி மிகவும் பொருந்தும். கூடையின் பாரத்தைச் சிற்பத்தால் உணர்த்தலாம். கொழுந்து கிள்ளும் விரல்கள் நாள் முழுக்க ஓயாததைக் காணொளியில்தான் காட்ட முடியும். படம் எடுக்க வந்தவரும் அங்கே படத்துக்குள் நிற்பார்.

இத்தகைய கலையைக் காட்ட இடமும் வேண்டும். கம்பளைப் பக்கம் பழைய பீகொக் தோட்டத்தில், தொழிலாளர் குடியிருந்த ஒரு லயமே தேயிலைத் தொழிலாளர் அருங்காட்சியகமாக நிற்கிறது. ஹற்றனிலும் நுவரெலியாவிலும் உள்ள மண்டபங்களும் இந்தக் கலைக்குக் கதவு திறக்கட்டும். கொழுந்து நிறுத்துவிட்டு வருபவர்களுக்குத் தோதாக, மாலையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் திறந்திருக்கட்டும்.