சொன்னது ஒன்று, எழுதியது ஒன்று

தேர்வுக் காலம் வந்தால் செய்தித்தாள்களில் ஒரு படம் தவறாமல் வரும். பார்வையற்ற மாணவர் ஒருவர் சொல்லச் சொல்ல, பக்கத்தில் ஒருவர் எழுதிக்கொண்டிருப்பார். எழுதுபவரின் சேவை உள்ளத்தைப் புகழ்ந்து நாலு வரி இருக்கும். பல தேர்வுகள் எழுதிக் கொடுத்தவருக்குப் பொன்னாடையும் உண்டு. இந்தப் பாராட்டுக்குள் ஒரு வாதம் ஒளிந்திருக்கிறது. இப்படி எழுதிக் கொடுக்கும் ஸ்க்ரைப் கிடைத்துவிட்டால் தேர்வறையில் எல்லோரும் சமம் என்பதே அது. அந்த வாதம் தவறு.

ஸ்க்ரைப் இல்லாமல் பார்வையற்ற பட்டதாரிகளில் பலர் பட்டம் வாங்கியிருக்க முடியாது. லீவு போட்டு, காசு வாங்காமல் வந்து எழுதுபவர்களின் நல்ல மனத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. 2021-இல் விகாஷ் குமார் வழக்கில், எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் குறைபாடு உள்ளவருக்கும், 40 சதவீத ஊனச் சான்று இல்லாவிட்டாலும் ஸ்க்ரைப் உண்டு என்றது உச்ச நீதிமன்றம். நல்ல தீர்ப்பு. இதுவரை சரி.

ஆனால் அந்த ஸ்க்ரைப் எங்கிருந்து வருவார்?

மும்பையின் சீத்தா கேம்ப்பிலிருந்து கல்லூரிக்குப் போகும் பார்வையற்ற மாணவி ஒருவரை நினைத்துக்கொள்ளலாம். பாபா அணு ஆராய்ச்சி மையத்தை ஒட்டியிருந்த ஜனதா காலனியை 1976-இல் காலி செய்து, அங்கிருந்த மக்களைக் குடியேற்றிய இடம் இது. வீட்டில் தமிழ், தெருவில் இந்தி, தேர்வில் ஆங்கிலம். ஸ்க்ரைப்பை மாணவியே அழைத்து வந்தால், அவருடைய படிப்பு மாணவியின் படிப்பைவிட ஒரு படி குறைவாக இருக்க வேண்டும் என்றது 2018-ஆம் ஆண்டின் ஒன்றிய அரசு வழிகாட்டுதல். வார நாளின் பகல் வேளையில், மூன்று மணி நேரத்துக்கும் மேலாக, ஆங்கிலத்தைப் பிழையில்லாமல் எழுதக்கூடிய பிளஸ் டூ முடித்தவர் தேவை. அப்படிப்பட்டவர் அந்தச் சந்துகளில் இருந்தாலும், ஒன்று அவருக்கும் அன்று தேர்வு இருக்கும், இல்லை வேலைக்குப் போயிருப்பார். வசதியான வீட்டுப் பிள்ளைக்கு உறவுக்குள்ளேயே ஆள் கிடைக்கும். இவரோ வாட்ஸப் குழுக்களில் முன்பின் தெரியாதவர்களிடம் வாரக்கணக்கில் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். பாடத்துக்குப் போக வேண்டிய நாட்கள் ஆள் தேடுவதில் போகின்றன. மழைக்காலமாக இருந்து, குர்லா பக்கம் தண்டவாளத்தில் தண்ணீர் ஏறி ஹார்பர் லைன் நின்றுவிட்டால், மாணவி வந்து சேர்ந்தும் ஸ்க்ரைப் வராமல் போகலாம்.

ஆள் வந்த பிறகுதான் உண்மையான சிக்கல் தொடங்குகிறது. 'ஒரு படி குறைவு' என்ற விதி காப்பியடிப்பதைத் தடுக்க வந்தது. அதன் விளைவு, பாடம் தெரியாதவரே எழுத வேண்டும் என்பது. பொருளியல் மாணவி 'ஹெட்டிரோஸ்கெடாஸ்டிசிட்டி' என்று சொன்னால், ஒவ்வோர் எழுத்தாக ஸ்பெல்லிங்கும் சொல்ல வேண்டும். மணிக்கு 20 நிமிடம் தரும் கூடுதல் நேரம் இதிலேயே கரைந்துபோகிறது. வரைபடம் வந்தால் கோடு எங்கே தொடங்கி எங்கே வளைகிறது என்பதையும் வாயால் விளக்க வேண்டும்.

எழுத்து வெறும் கைவேலை அல்ல. எழுதியதைத் திரும்பப் பார்த்து, ஒரு வாக்கியத்தை அடித்து, மூன்றாம் பத்தியை முதலில் வைத்து, அப்படித்தான் ஒரு பதில் உருவாகிறது. பார்வையுள்ள மாணவர் இதை நினைக்காமலே செய்கிறார். ஸ்க்ரைப்போடு எழுதுபவர், 'கொஞ்சம் படித்துக் காட்டுங்கள்' என்று கேட்க வேண்டும். ஓசியில் வந்தவரை எத்தனை முறைதான் கேட்பது? அவர் முகம் சுளிப்பது கண்ணுக்குத் தெரியாவிட்டாலும், மூச்சு விடுவதிலேயே தெரியும். அதனால் முதலில் வாயில் வந்ததே இறுதி விடையாகிறது. எழுதியவரின் பிழைக்கும் சோம்பலுக்கும் போகும் மதிப்பெண் மாணவியின் கணக்கில்தான் கழிகிறது.

2025 ஆகஸ்டில் வந்த புதிய வழிகாட்டுதல், தேர்வு நடத்துபவர்களே ஸ்க்ரைப் பட்டியல் வைத்திருக்கச் சொல்கிறது. ஆள் தேடும் அலைச்சல் குறையும். பேனா அப்போதும் மற்றவர் கையில்தான்.

மாற்று வழி புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதல்ல. திரையில் இருப்பதைக் குரலாக வாசிக்கும் என்விடிஏ மென்பொருளை, பார்வையற்ற ஆஸ்திரேலியரான மைக்கேல் கர்ரன் 2006-இல் தொடங்கினார். அது இலவசம், தமிழும் வாசிக்கும். கணினியில் தேர்வெழுதும் வாய்ப்பை 2018 வழிகாட்டுதலே தந்திருக்கிறது. பயிற்சிக்கும் இடம் உண்டு. சீத்தா கேம்ப் பக்கத்து மான்குர்டில் ரயில் ஏறினால் அதே ஹார்பர் லைன் சி.எஸ்.எம்.டி.யில் இறக்கிவிடும். அங்கிருந்து சற்று தூரத்தில் உள்ள செயின்ட் சேவியர்ஸ் கல்லூரியில் பார்வையற்றோருக்கான வள மையம் 2003 முதல் இயங்குகிறது. கருவியும் விதியும் பயிற்சியும் ஒரே நகரத்தில் இருக்கும்போது, 'பிள்ளைகளுக்கு டைப்பிங் தெரியாதே' என்று சொல்வது ஏற்கத்தக்க சமாதானம் அல்ல. கடைசியில் ஸ்க்ரைப் வரத்தானே போகிறார் என்ற நிம்மதிதான் கற்றுக்கொடுக்காமல் இருக்க இடம் தந்தது. கையை அசைக்க முடியாதவர்களுக்கும், நடுவயதில் பார்வை இழந்தவர்களுக்கும் ஸ்க்ரைப் தேவைப்படலாம். பார்வையற்ற மாணவர் எல்லோருக்கும் அதையே முதல் வழியாகவும் ஒரே வழியாகவும் வைத்திருப்பது வசதிக்காகத்தான், அதுவும் நிர்வாகத்தின் வசதிக்காக.

தேர்வு எழுதியவர் தன் விடைத்தாளைப் பார்க்க உரிமை உண்டு என்று 2011-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. மதிப்பெண் குறைந்த மாணவி மனுப்போட்டு நகல் வாங்கலாம். வாங்கி, வீட்டில் தம்பியையோ தோழியையோ படிக்கச் சொல்லலாம். தன் பதிலை அவர் முழுதாகக் கேட்பது அன்றுதான், தேர்வு முடிந்து பல வாரங்களுக்குப் பிறகு.