பாதியில் விட்ட படிப்பு

டேவிட் ஃபின்ச்சரின் 'தி சோஷியல் நெட்வொர்க்' (2010) படத்தை மறுபடி பார்த்தேன். ஆரன் சார்க்கினின் வசனம் படபடவென்று பொரிகிறது. ஆஸ்கர் கொடுத்ததில் தப்பே இல்லை. ஆனால் பையன்கள் இதிலிருந்து எடுத்துக்கொள்வது ஒன்றுதான்: காலேஜை விட்டால் கோடீஸ்வரன்!

கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். 2004 பிப்ரவரியில் ஃபேஸ்புக் பிறந்தது ஹார்வர்ட் ஹாஸ்டல் அறையில். முதல் பணம் போட்ட சேவரின், சக மாணவர். மாஸ்கோவிட்ஸும் ஹ்யூஸும் அறைத்தோழர்கள். முதல் வாடிக்கையாளர்கள்? ஹார்வர்ட் ஈமெயில் முகவரி இல்லாதவர்களுக்கு அனுமதியே கிடையாது. ஆக, கூட்டாளி, முதலீடு, மார்க்கெட் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு ஸக்கர்பர்க் விட்டுவிட்டு வந்தது பட்டத்தை மட்டும்தான். (அதையும் 2017ல் கூப்பிட்டுக் கௌரவமாகக் கொடுத்துவிட்டார்கள்.) பில் கேட்ஸும் அப்படியே. 1975ல் ஆல்டேருக்கு 'பேசிக்' எழுதியது ஹார்வர்டின் கம்ப்யூட்டரில். பிற்பாடு மைக்ரோசாஃப்டை நடத்திய பால்மர், அதே ஹாஸ்டல்வாசி. படிப்பை விடத் துடிக்கும் பையனிடம் இதில் ஒன்றாவது இருக்கிறதா?

இத்தனையும் படத்தில் பின்னணியாக ஓடிப்போகிறது. சார்க்கினுக்கு வேண்டியது, காதலி உதறியதால் கம்பெனி பிறந்த கதை. நிஜத்தில் ஸக்கர்பர்க் பிற்பாடு மணந்துகொண்ட பிரிசில்லாவை 2003லேயே சந்தித்துவிட்டார். அதுவும் ஹார்வர்டில்தான். படத்தில் அந்தப் பெண்ணே இல்லை.