இலைக்கூரை

காங்கோ ஜனநாயகக் குடியரசின் வடகிழக்கே இட்டூரி மழைக்காடு. அங்கே வேட்டையாடி வாழும் ம்புட்டி மக்களிடம் குடிசை போடுவது பெண்களின் வேலை. ஆணி, பலகை எதுவும் கிடையாது.

மெல்லிய இளங்கம்புகளை வட்டமாக ஊன்றி, நுனிகளை வளைத்துப் பின்னினால் கூண்டு தயார். அதன்மேல் அகன்ற மொங்கோங்கோ இலைகள். காம்பைக் கீறிக் கம்பில் கொக்கிபோல மாட்டிவிடுகிறார்கள், கயிறு வேண்டாம். கீழ்வரிசையில் தொடங்கி மேலேறுவதில்தான் சூட்சுமம்: மேலிலை கீழிலையின் காம்பை மூடுவதால், மழைநீர் உள்ளே இறங்காமல் வழிந்தோடுகிறது. சில மணி நேரத்தில் வீடு முடிந்துவிடும்.

அண்டைவீட்டாரோடு சண்டையா? வாசலையே வேறு பக்கம் திருப்பிவிடுவார்களாம்! 1950களில் அவர்களோடு தங்கிய மானிடவியலாளர் காலின் டர்ன்புல் இதைப் பதிவுசெய்திருக்கிறார்.

வேட்டை குறைந்தால் குடிசையை அப்படியே விட்டுவிட்டு முகாம் மாறுகிறார்கள். அடுத்த இடத்தில் புதுக் கம்பு, புது இலை.